குப்பை என்று எழுதிய மெமரி காட்

போன கிழமை துளசி தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வியில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் வேலை செய்த அரசாங்கக் கந்தோரில், நான் இருந்த அதே கதிரையில் இப்போது இருக்கிற பிள்ளை அவள். கெட்டிக்காரி. ஆனால் ஒரு விஷயம் கேட்பதற்கு முன்னால் பத்துத் தரம் மன்னிப்புக் கேட்பாள்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. உங்கட்டை அந்தப் பழைய குட்டிக் கமரா இன்னும் இருக்கோ?"

"ஏன் பிள்ளை?"

"இப்ப அதுதான் பெஷன் அன்ரி. போனிலை எடுத்தா எல்லாற்றை முகமும் மாப் பூசின மாதிரி வருது. அந்தக் கமராவிலை எடுத்தாத்தான் ஆக்கள் ஆக்களாத் தெரியினமாம். சிநேகிதியின்ரை கலியாணத்துக்கு ஒருக்காத் தருவீங்களோ?"

அட கடவுளே! அந்தக் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்ததற்காக என்னைச் சிரிக்காத ஆள் கந்தோரில் இல்லை. ஸ்மார்ட் போன் வந்த பிறகு, "மிஸ் இன்னும் சவர்க்காரக் கட்டியாலைதான் படம் பிடிக்கிறா" என்று என் காதுபடவே சொன்னார்கள். இப்போது அது பெஷனாம்! ஒரு நொடியும் தாமதிக்காமல் கதிரையில் ஏறி அலுமாரியின் மேல்தட்டைக் கிளறினேன். அறுபது தாண்டியவள் கதிரையில் ஏறலாமா என்று மகள் குசினியிலிருந்து கத்தினாள். கத்தட்டும். கமரா இருந்தது. அதைச் சுற்றியிருந்த துணிக்குள் ஒரு மெமரி காட்டும் இருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டி, நீலப் பேனையால் "குப்பை" என்று நான்தான் எழுதியிருந்தேன்.

அந்தக் காட்டைக் கையில் வைத்துக்கொண்டு துளசிக்கு ஒரு மணித்தியாலம் கதை சொன்னேன். அவள் கலியாணத்தை மறந்துவிட்டு, "எழுதுங்கோ அன்ரி, எழுதுங்கோ" என்றாள். எழுதுகிறேன்.

நான் காணிப் பகுதியில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவள். கிளிநொச்சிப் பக்கத்தில் நான் மோட்டார் சைக்கிளில் போகாத ஒழுங்கை இல்லை. போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய காலம் அது. சனம் முகாம்களிலிருந்து திரும்பி வந்து காடு மூடிய காணிகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தது. யாருடைய காணி எந்த நிலையில் இருக்கிறது, கிணறு இடிந்திருக்கிறதா, வரம்பு தெரிகிறதா, பயிர் உண்டா என்று ஒவ்வொரு காணியையும் படம் எடுத்து வைக்கும்படி உத்தரவு வந்தது. பயிற்சி என்று வவுனியாவில் இரண்டு நாள் இருத்தினார்கள். பாதிப் பேர் கமராவைத் தலைகீழாகப் பிடித்தோம், மற்றப் பாதிப் பேர் விரலால் கண்ணாடியை மூடிக்கொண்டு படம் கறுப்பாக வருகிறதென்று சண்டை பிடித்தோம். அவ்வளவுதான் பயிற்சி.

உண்மையான பயிற்சி குலசிங்கம் சேரிடம்தான். அவர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர். வெள்ளைச் சேட், பையில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று பேனை, கையில் குடை. குரலை உயர்த்த மாட்டார். பிழை செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் நாங்கள் பதிவேட்டுக்குள் தலையைப் புதைப்போம்.

படம் எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வெயில் முதுகில் படும்படி நிற்க வேண்டும். சிவப்பு வெள்ளை அடித்த அளவுக் கம்பைக் காணியின் மூலையில் நட வேண்டும். தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கிட்ட ஒன்று. மூச்சை விட்டுவிட்டு அமத்த வேண்டும். எடுத்த உடனே, அந்த இடத்தில் நின்றபடியே, பதிவேட்டில் இலக்கம், தேதி, காணிக்காரர் பெயர் எழுத வேண்டும். கந்தோருக்கு வந்து எழுதினால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு சட்டம் இருந்தது.

"பிள்ளை, படத்திலை ஆக்கள் நிக்கக்கூடாது. ஆக்கள் நிண்டா அது கலியாண அல்பம். எங்களுக்கு வேணுமானது காணி."

"ஓம் சேர்" என்பேன். ஆனால் எனக்கு அது முடிகிற காரியமா? சொல்லுங்கள்! சைக்கிளில் பத்துத் தகரத்தைக் கட்டிக்கொண்டு, தானும் ஏறி மிதித்துக்கொண்டு ஒரு மனிதர் வருகிறார். இறைத்து முடித்த கிணற்றில் முதல் தண்ணீர் ஊறிய அன்று நாலு பெண்கள் ஒருத்தி தலையில் ஒருத்தி வாளியைக் கவிழ்க்கிறார்கள். முஸ்லிம்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்டபோது போன முல்லைத்தீவுப் புடவை வியாபாரி நானா ஒருவர் இருபது வருஷத்துக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் பொட்டணியோடு வந்து மர நிழலில் விரிக்கிறார், அவரை ஞாபகம் வைத்திருந்த கிழவிகள் ஓடி வந்து கையைப் பிடிக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு நான் வெறும் வரம்பைப் படம் எடுப்பதோ?

அதனால் ஒரு களவு செய்தேன். என் சொந்தச் செலவில் ஒரு மெமரி காட் வாங்கினேன். சேரின் முறைப்படி காணியை எடுத்து முடித்ததும் அரசாங்க மெமரி காட்டைக் கழற்றிவிட்டு என்னுடையதைப் போடுவேன். பிறகு பாருங்கள் கொண்டாட்டத்தை! கண்ணில் படுகிறவர்களையெல்லாம் எடுப்பேன். எடுத்ததைத் திருப்பிக் காட்டுவேன். அந்தக் குட்டித் திரையில் தங்களைப் பார்த்துவிட்டுச் சனம் சிரிக்கும் சிரிப்புக்காகவே மழையிலும் வெளிக்களம் போனேன். சேர் எப்போதாவது பைக்குள் கண்டுவிட்டால் பயனில்லாதது என்று நினைக்கட்டும் என்றுதான் அதில் "குப்பை" என்று எழுதினேன்.

இனி நாங்கள் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். அது வன்னிச் சனம் மட்டுமே விடக்கூடிய பிழை.

பொருட்தடை இருந்த வருஷங்களில் எங்களுக்குப் பற்றரி என்பது தங்கம். றேடியோவில் செய்தி முடிந்த கையோடு பற்றரியைக் கழற்றி வெயிலில் காயவைப்போம். மறுநாள் செய்திக்கு மட்டும் திரும்பப் போடுவோம். அந்தப் பழக்கம் இரத்தத்தில் ஊறிப்போனது. எங்கள் கமராவோ இரண்டு சின்னப் பென்ரோச் பற்றரியில் வேலை செய்வது. "வேலை முடிஞ்சதும் பற்றரியைக் கழட்டி வையும் பிள்ளை, சும்மா கிடந்து இறங்கிப்போம்" என்றார் சேர். நான் ஒரு நாள் தவறாமல் கழற்றினேன். கழற்றினால் கமராவுக்கு நாள், தேதி எல்லாம் மறந்துபோகும். காலையில் போட்டதும் என்ன தேதி என்று கேட்கும். எனக்கோ அவசரம். பொத்தானை இரண்டு தரம் அமத்தி அதன் வாயை மூடிவிட்டுப் புறப்படுவேன். சரியான தேதிதான் பதிவேட்டில் இருக்கிறதே! இதனால் என் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் செம்மஞ்சள் எழுத்தில் ஒரே தேதி விழுந்துகொண்டிருந்தது. தை முதலாந் தேதி. வருஷம், கமராவுக்குள் ஏற்கெனவே இருந்த, போர் நடந்த வருஷம். அதை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவன் பாலன்.

பாலனிடம் லாண்ட்மாஸ்ரர் என்கிற கை உழவு இயந்திரம் இருந்தது. ஊரில் பாதி வயல் அவன்தான் உழுவான். அவனுடைய காணிக்குப் பக்கத்தில், இரட்டைப் பாலை மரத்தடியில், மாரியாயி அக்கா இரண்டு ஏக்கர் செய்துகொண்டிருந்தா. அவாவின் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவா பிறந்ததே இங்கேதான். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மீள்குடியேற்றத்தில் முதலில் திரும்பி வந்தவர்களில் அவாவும் ஒருத்தி. காட்டை வெட்டி, கல்லைப் பொறுக்கி, கொட்டில் போட்டு, நெல் விதைத்தா. கையில் ஒரு துண்டுப் பத்திரம் கிடையாது. நாலு வருஷம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காணியின் வாசலோடு தார் போட்ட கார்ப்பெற் றோட்டு வந்தது, காணிக்கு விலையும் வந்தது. அதன் பிறகு அந்தக் காணி தன்னுடைய தகப்பன் காடு வெட்டி எடுத்த காணி என்று பாலன் மனுப் போட்டான்.

காணிக் கச்சேரி வைத்தார்கள். காணி யாருக்கு என்று ஊருக்கே வந்து எல்லார் முன்னிலையிலும் விசாரித்து முடிவு செய்கிற கூட்டம் அது. பள்ளிக்கூட மண்டபத்தில் சனம் நிரம்பி வழிந்தது. விசாரணைக்கு வந்த அம்மா மெலிந்தவ, கறாரானவ. பாலன் எழுந்து சொன்னான்:

"அப்பா செத்து ரெண்டு வரியத்துக்குப் பிறகுதான் இவ வந்து கொட்டில் போட்டவ. அதுக்கு முன்னம் அது எங்கட பத்தைக் காடு."

மாரியாயி அக்கா கையைக் கூப்பிக்கொண்டு நின்றா. "இல்லைங்கம்மா. இவுங்க அப்பா உசிரோட இருக்கையிலேயே நான் கொட்டில் போட்டுட்டேங்க. அவுருதாங்க எல்லையக் காட்டுனாரு."

அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் பாலனின் சொந்தக்காரர். எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர் எழுந்து எங்கள் பதிவேட்டையும் படத்தையும் மேசையில் வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் படம்! அளவுக் கம்பு, வரம்பு, பச்சை நாற்று, எல்லாம் அச்சொட்டாக இருந்தது. அந்த அம்மா பார்த்தா. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தா.

"பதிவேட்டிலை ஒரு தேதி, படத்திலை இன்னொரு தேதி. எதை நம்புறது?"

பாலன் எட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தான். "அம்மா, அந்த வரியம் தை முதலாந் தேதி இந்த ஊரிலை ஒரு நாய்கூட இல்லை! சனம் முழுக்க மூட்டை முடிச்சோடை றோட்டிலை. அண்டைக்கு நெல்லு விதைச்சது ஆர், பேயோ?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருந்தது. மாரியாயி அக்கா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தா.

"நீங்கதானே மிஸ்ஸு எடுத்தீங்க? சொல்லுங்க மிஸ்ஸு."

நாலு வருஷமாக நான் பொத்தானை அமத்தி மூடிய கமராவின் வாய், இப்போது அவாவின் காணியை விழுங்கப்போகிறது. அப்போது குலசிங்கம் சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று குனிந்தேன்.

"அம்மா, அது என்ரை பிழை. பற்றரியைக் கழட்டச் சொன்னது நான். இந்தப் பிள்ளை சொன்னதைச் செய்தது."

முப்பது வருஷச் சேவைக்காரர், ஊர் முழுக்கப் பார்த்திருக்கச் சொன்னார். அந்த அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "பிழை ஆற்றையாவது இருக்கட்டும் ஐயா. எனக்கு ஆதாரம் வேணும். இதிலை ஒரு ஆளுமில்லை, ஒரு அடையாளமுமில்லை. எந்த ஊர் வயல் எண்டாலும் இப்பிடித்தான் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு எழுதுவன்."

இதில் ஒரு ஆளுமில்லை! அந்தச் சொல் என் மண்டையில் மணி அடித்ததுபோல் விழுந்தது. ஆள் இருக்கிற படம் என் கைப்பையில் அல்லவா கிடக்கிறது! சேரை வேப்ப மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உண்மையாகவே கையில் பிடித்து இழுத்தேன்.

"சேர், நான் ஆக்களைப் படம் எடுத்தனான்."

"என்ன?"

"களவா எடுத்தனான். ஆயிரத்துச் சொச்சம் இருக்கும்."

"நான் அவ்வளவு சொல்லியும்?"

"ஓம் சேர். பிறகு ஏசுங்கோ. இப்ப பாப்பம்."

காட்டை மாற்றிப் போட்டேன். திரை ஒரு கணம் வெளிச்சமாகி, சிவப்புப் பற்றரி அடையாளத்தைக் காட்டிவிட்டு இருண்டது. பற்றரி முடிந்துவிட்டது! கடை இருந்த சந்தி மூன்று மைல் தூரம். நான் அழும் நிலையில் நிற்க, சேர் இரண்டு பற்றரியையும் என் கையிலிருந்து வாங்கினார். பள்ளிக்கூடப் படியில், உச்சி வெயிலில், வெள்ளைச் சேட்டோடு குந்தினார். கொதிக்கிற சீமெந்தில் பற்றரியை முன்னும் பின்னும் உருட்டினார். வேட்டித் தலைப்பில் தேய்த்தார். திரும்பவும் உருட்டினார். போகிற வருகிற சனம் நின்று பார்த்தது. அவர் நிமிரவில்லை.

"செய்தி கேக்கிற அளவுக்கு வரும்" என்றார்.

கூட்டம் திரும்பத் தொடங்கியதும் சுடச்சுடப் பற்றரியைப் போட்டேன். திரை வந்தது. பொத்தானை அமத்திக்கொண்டே போனேன். தகரம் கட்டிய சைக்கிள், கிணற்றடிப் பெண்கள், புடவைப் பொட்டணி, எல்லாம் ஓடியது. வா, வா, மாரியாயி அக்காவின் வயலே, வா! வந்தது. இரட்டைப் பாலை மரம் பின்னால் தெளிவாக நிற்கிறது. மாரியாயி அக்கா வரம்பில் நிற்கிறா. வயலுக்குள் லாண்ட்மாஸ்ரர் பிடித்துக்கொண்டு, தலையும் மீசையும் மழித்த ஒருவன் பல்லைக் காட்டுகிறான். பாலன்!

மேசைக்கு ஓடினேன். அந்த அம்மா பார்த்துவிட்டுக் கேட்டா. "இது நீர்தானே?"

பாலனின் முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. "ஓம். அது கோயில் நேத்திக்கு எடுத்த மொட்டை. போன வரியம்."

"நேத்திக்கு மீசையும் வழிக்கிறதோ தம்பி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. எங்கள் பக்கத்தில் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவன்தான் தலையோடு மீசையையும் எடுப்பான். அப்படியென்றால் அது தகப்பன் செத்த கையோடு எடுத்த படம், இரண்டு வருஷத்துக்குப் பிறகல்ல. சனம் முணுமுணுத்தது.

"நான் நேத்திக்கு எண்டு சொல்லுறன்! எங்கை, தாங்கோ பாப்பம்" என்று பாலன் கமராவை என் கையிலிருந்து பறித்தான். பறித்த வேகத்தில் அவன் பெருவிரல் இடப்பக்கப் பொத்தானில் அழுந்தியது. அதற்கு முந்திய படங்கள் பின்னோக்கி ஓடி ஒன்றில் நின்றன.

அதே பாலை மரம். அதே வயல், இன்னும் உழாத நிலம். நடுவில் பாலனின் தகப்பன் கந்தையா அப்பு, தோளில் துவாயோடு நிற்கிறார். மாரியாயி அக்கா எவர்சில்வர்ப் பேணியில் பிளேன்ரீத் தேத்தண்ணி நீட்டுகிறா. ஏதோ பகிடி சொல்லியிருக்க வேண்டும், அப்பு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார்.

பாலன் கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். இன்னும் கிட்டக் கொண்டுபோனான். அவன் தோளுக்கு மேலால் நான் மட்டும்தான் அந்தப் படத்தைக் கண்டேன். அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டது.

"மிஸ்! அணைஞ்சு போச்சு! அழிஞ்சிட்டுதோ?"

"இல்லைத் தம்பி, உள்ளுக்கை இருக்கு."

"உண்மையா இருக்கோ?"

"உண்மையா இருக்கு."

அந்த அம்மா நிமிர்ந்தா. "அதிலை என்ன இருந்தது? எனக்குக் காட்டேல்லையே."

பற்றரி செத்துவிட்டது. அதிகாரி பார்க்கவில்லை. ஒன்றுமில்லை என்று அவன் சொன்னால், இன்றைக்குக் காட்ட எனக்கு வழியில்லை. பேனை மூடி திறந்தபடி முடிவு எழுதக் காத்திருக்கிறது. பாலன் கமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா இருக்கிறார்" என்றான். "வீட்டிலை இருந்த படமெல்லாம் இடம்பெயர்விலை போச்சு. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சுத்தான் கொழுவியிருக்கிறம். அதிலை ஆரையோ ஏசுற மாதிரி நிக்கிறார். இதிலை சிரிக்கிறார்."

பிறகு மாரியாயி அக்காவைப் பாராமலே சொன்னான்: "எழுதுங்கோ அம்மா. காணி அவவின்ரைதான். எல்லை காட்டினது அப்பா. உழுது குடுத்தது நான்."

நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். மாரியாயி அக்கா அழவில்லை. மேசையில் ஒரு விரலை ஊன்றி, அந்த அம்மா எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும், வாசிக்கத் தெரியாதவ, எழுதி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றா.

கந்தோருக்குத் திரும்பும் வழி முழுக்க நான் சேரின் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். மறுநாள் காலை என் மேசையில் ஒரு புதுப் பதிவேடு இருந்தது. கோடு கீறி, நிரல் பிரித்து, மூன்று நிறப் பேனையாலும் தலைப்பு எழுதியிருந்தார்.

"அந்தக் குப்பைக்கு ஒவ்வொண்டா இலக்கம் போடும் பிள்ளை. ஆர் ஆர் நிக்கினம் எண்டு பெயரையும் எழுதும்" என்றார். போகிறவர் வாசலில் நின்று திரும்பினார். "பற்றரியைக் கழட்டாதையும்."

துளசிக்குக் கமராவைக் கொடுத்துவிட்டேன். மெமரி காட்டைக் கொடுக்கவில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்கமாட்டேன்.

நேற்றுப் பாலனின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் போனேன். மாரியாயி அக்கா பந்தலுக்குள் பலகாரத் தட்டோடு ஓடித் திரிந்தா. அவாவின் காணியில் இப்போது கல்வீடு, பத்திரம் அலுமாரிக்குள். பாலனின் விறாந்தைச் சுவரில் கந்தையா அப்பு மாலை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கொடுத்த படத்தை ஸ்ரூடியோவில் பெருப்பிக்கும்போது வயலையும் மரத்தையும் மாரியாயி அக்காவையும் வெட்டி, அப்புவை மட்டும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் படத்தின் ஓரத்தில், இரண்டு சிவப்புக் காப்புப் போட்ட ஒரு கையும் ஒரு எவர்சில்வர்ப் பேணியும் அப்படியே நிற்கின்றன.

நான் அதைப் பார்ப்பதைப் பாலன் கண்டுவிட்டான்.

"கொம்பியூட்டரிலை அழிச்சுத் தாறன் எண்டு ஸ்ரூடியோக்காரர் சொன்னவர் மிஸ்" என்றான். "நான் வேண்டாம் எண்டிட்டன். அப்பா அந்தத் தேத்தண்ணியைப் பாத்துத்தானே சிரிக்கிறார்."